அப்பாயி சுவரில் எழுதிய கணக்கு

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது ஹட்டனில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் பேருந்தில் என் அப்பாவின் பணப்பையை யாரோ எடுத்துவிட்டார்கள். தேசிய அடையாள அட்டையும் அதோடு போய்விட்டது. புதிய அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும் என்று கிராம சேவகர் சொல்லியும், அப்பா பொலிஸ் நிலையத்தின் படியேற மறுக்கிறார். "அது நம்மாளு போற எடமில்ல" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆனால் இதே அப்பாதான், போன வருடம், கடன் தருவதாகச் சொன்ன ஒரு கைத்தொலைபேசிச் செயலிக்குத் தன் முகத்தையும், அட்டையின் இரு பக்கங்களையும், தொலைபேசியில் இருந்த எல்லாருடைய எண்களையும் ஒரே இரவில் கொடுத்தவர். பொலிஸாரை நம்பிப் போங்கள், செயலியை நம்பாதீர்கள் என்று நான் சொல்கிறேன். எங்கள் இருவரில் யார் விவரம் அறியாதவர்? பெரிய அமைப்புகளை நம்பாமல் இருப்பது நம் மக்களின் பின்தங்கிய நிலையா, இல்லை அதில் ஓர் அறிவு இருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா விவரம் அறியாதவர் அல்லர். அவருக்குத் தெரிந்த ஒன்றை நானும் அறிவேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1996இல் நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஓர் இரவுச் சோதனையில் என்னையும் இன்னும் சிலரையும் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேள்வி கேட்டார், நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னேன், அவர் மூன்று பக்கம் எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். சிங்களம் பேசத் தெரிந்த எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க நாவெழாமல் மூன்று இடத்தில் கையெழுத்திட்டேன். மறுநாள் விட்டுவிட்டார்கள். அந்த மூன்று பக்கங்களில் நான் யாராக எழுதப்பட்டிருக்கிறேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட பயத்தைப் பாமரத்தனம் என்று சொல்வோருக்கு இந்த நாட்டின் சட்டத்தையே நான் எடுத்துக்காட்டுவேன். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அலுவலர் ஒருவரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது. பொலிஸ் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் ஒரு மனிதன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ள வைக்கப்படலாம் என்பதை வெள்ளைக்கார ஆட்சியின் சட்ட வரைவாளர்களே அறிந்திருந்தார்கள், அந்த அவநம்பிக்கையைச் சட்டத்துக்குள் எழுதியும் வைத்தார்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் காப்பை நீக்கி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் அளிக்கப்பட்ட ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாம் என்றது. சிங்களம் அறியாத தமிழர் ஒருவர், சிங்களத்தில் தயாரிக்கப்பட்ட ஒப்புதலில் கட்டாயத்தின் பேரில் பெருவிரல் பதித்ததாகச் சொல்லியும், அந்த ஒப்புதலையே ஆதாரமாகக் கொண்டு 1995இல் நீண்டகாலச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு நேர்மையான விசாரணை மறுக்கப்பட்டது என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் முடிவு கூறியது.

நம் மலைகளிலேயே பிந்துனுவெவ இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகில் இருந்த அந்தப் புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றபோது ஆயுதமேந்திய பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். மேல் நீதிமன்றம் பொலிஸார் இருவர் உள்ளிட்ட ஐவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2005க்குள், நாட்டின் மிக உயர்ந்த மன்றமான உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்துவிட்டது. இவற்றையெல்லாம் உங்கள் அப்பா தேதி வாரியாக அறிந்திருக்க மாட்டார். அந்த வயதில் மலையகத்தில் வாழ்ந்த ஒருவருக்குத் தேதிகள் தேவையுமில்லை.

ஆனாலும், நம்பாமல் இருப்பதில் இரண்டு வழிகள் உண்டு. உங்கள் அப்பாவைப் போல ஒதுங்கியே நிற்பது ஒன்று. இரண்டாவது வழியை நான், என் அப்பாவின் அம்மாவான அப்பாயியிடம் கண்டேன்.

அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. லயத்து அறையின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) அடுப்படிச் சுவரில், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கரிக்கட்டையால் ஒரு கோடு போடுவார், அரைப்பேர், அதாவது அரை நாள் வேலையாகப் பதிவு, விழுந்த நாளுக்கு அரைக் கோடு. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும் அந்த இடத்தை மட்டும் தொடவிட மாட்டார். சம்பள நாளன்று, எழுத்துக் கூட்டத் தெரிந்த என்னைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்ட அலுவலகத்தின் முன்னால் போய் நிற்பார். "ஐயா, எஞ் சொவத்துல இருவத்திரெண்டு இருக்கு, ஒங்க பொஸ்தகத்துல இருவதுதானே சொல்றீங்க" என்று அவர் கணக்கப்பிள்ளையிடம் கேட்ட குரல் தாழ்ந்ததுதான், ஆனால் பதில் வரும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அந்த மாதம் ஒரு நாளைத் திருத்தினார்கள். மற்ற நாளைத் திருத்தவில்லை.

நம் சமூகத்தின் துன்பங்களில் பெரும்பங்கு, பிறர் நம்மைப் பற்றி எழுதிய, நம்மால் வாசிக்க முடியாத கணக்குகளிலிருந்து வந்தவை. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, கடன் எவ்வளவு என்று துரைமார் எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும், தந்தையோ அல்லது பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத இலட்சக்கணக்கானோர் அதனால் நாடற்றவரானார்கள். ஆகவே ஓர் அமைப்பை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: என்னைப் பற்றி அது எழுதி வைத்திருப்பதை எனக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுமா, தவறென்று நான் சொன்னால் திருத்துமா?

அந்தச் செயலியை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். உங்கள் அப்பா அதிகாரத்தைக் காக்கியாலும், மேசையாலும், அதட்டும் குரலாலும் அடையாளம் காணப் பழகியவர். செயலிக்கு இவற்றில் ஒன்றுமில்லாததால் அதை அவர் அதிகாரமாகவே காணவில்லை. ஆனால், பல திரை நீளத்துக்கு ஓடும் ஆங்கில நிபந்தனைகளின் அடியில் இருந்த பொத்தானை அவர் அழுத்தியதும், நான் அந்த மூன்று பக்கங்களில் கையெழுத்திட்டதும் ஒரே செயல்தான். விளைவுகள் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பனி யாரையும் கூண்டில் அடைப்பதில்லை. மறுபுறம், பொலிஸாரைக் கேள்வி கேட்க ஒரு நீதிமன்றமாவது கண்டியில் இருக்கிறது. அந்தக் கம்பனியைக் கேட்க எந்த ஊருக்குப் போவது?

முகநூலையும் இதே அளவுகோலால் அளந்து பாருங்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, அவர்களுக்கு எதிரான வெறுப்பு சிங்களத்தில் முகநூலெங்கும் பரவியது. அப்படிப்பட்ட பதிவுகளை முறையிட்டவர்களுக்கு, விதிமீறல் எதுவும் இல்லை என்ற பதில் வந்தது. எழுதப்பட்ட மொழியை வாசிக்கப் போதிய ஆட்களை வைக்காமலே அந்த மொழியில் முகநூல் கம்பனி தொழில் நடத்தியிருக்கிறது. 2020இல் அது மன்னிப்புக் கேட்டது. தீயணைக்க அரசு கண்ட வழி, சமூக ஊடகங்களையே நாடு முழுவதும் முடக்குவது. 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் அதே வழியைக் கையாண்டது. பின்னர், இணையப் பதிவுகளுக்கான 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. கம்பனியின் மீதுள்ள நம் நியாயமான அவநம்பிக்கையைக் காட்டி, அரசுக்கு இன்னொரு பூட்டிய பேரேடு செய்துகொடுக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் அப்பாவின் காரியத்துக்கு வருகிறேன். பொலிஸாரை நம்புங்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள், அவர் கேட்கமாட்டார், கேட்க வேண்டியதுமில்லை. நம்பாமலே போகலாம் என்று சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள். 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை (பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த அதே ஆண்டு!) வாய்மொழியாகத் தரப்படும் முறைப்பாட்டைத் தரப்பட்ட மொழியிலேயே எழுதி, தந்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. தமிழில் எழுத ஆளில்லை என்றால், நாங்களே தமிழில் எழுதித் தருகிறோம் என்று கேளுங்கள். வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வேண்டாம். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதியவரின் பெயரையும் உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். கடன் செயலிக்குத் தொலைபேசியில் கொடுத்திருக்கும் அனுமதிகளை அன்றைக்கே அகற்றிவிடுங்கள். அது அனுப்பிய குறுஞ்செய்திகளையும், கட்டிய தவணைகளையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் ஒன்று செய்தேன். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 1996இல் என்னிடம் பெற்ற வாக்குமூலத்தின் பிரதியைக் கேட்டுத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறேன். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றனவோ இல்லையோ, வரும் பதிலை அப்படியே இங்கே இடுகிறேன்.