ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும்) வலி மாத்திரைகள்: உங்கள் கேள்விகளுக்கு ஒரு வலி மருத்துவரின் பதில்கள்

மதுரை வாசகர்: அப்பாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. டிரமடால் கொடுத்திருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

சீட்டில் எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கிறது? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மூன்று, நான்கு நாள் என்றால் தைரியமாகக் கொடுங்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கச் சொல்லாதீர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2017ல் வெளியிட்ட ஆய்வில், முதல் சீட்டில் மூன்றாம் நாளிலிருந்தே நீண்ட நாள் பழக்கமாகும் வாய்ப்பு ஏற ஆரம்பித்தது. ஐந்து நாளைத் தாண்டியதும் சட்டென்று உயர்ந்தது. அதனால் நாள் கணக்கு இல்லாத சீட்டோடு எழுந்து வராதீர்கள். அப்புறம், அப்பா தூக்க மாத்திரை போடுபவரா, மது அருந்துபவரா? அப்படியென்றால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சேர்ந்தால் மூச்சு மெதுவாகி, தூக்கத்திலேயே நின்றுவிடலாம்.

ஈரோடு: டிரமடால் ஓபியாய்டே இல்லை என்று மருந்துக் கடையில் சொன்னார்களே?

தவறு. ஓபியாய்டுதான். 2018லிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வலிப்பு நோய் இருந்தாலோ, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சேலம்: முதுகு வலிக்கு இரண்டு வருடமாக டேபென்டடால் போடுகிறேன். ஒரு நாள் விட்டால் வியர்த்து நடுங்குகிறது. நான் போதைக்கு அடிமையா டாக்டர்?

அந்த நடுக்கத்தை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாதம்மா. டேபென்டடாலும் ஓபியாய்டுதான், உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது. யாருக்கும் அப்படி ஆகும். கெடுதல் தெரிந்தும் மனம் அதையே தேடி ஓடுவதுதான் அடிமைத்தனம். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குறைத்தால் வலி தாங்காது என்று நினைப்பீர்கள். 2018ல் முதுகு, இடுப்பு, மூட்டு வலிக்காரர்கள் 240 பேரை ஒரு வருடம் கவனித்துப் பார்த்தார்கள். ஓபியாய்டு எடுத்தவர்கள் சாதாரண வலி மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாக நடமாடவில்லை.

சென்னை, மருத்துவ மாணவர்: வலிக்காகக் கொடுத்தால் அடிமையாவது நூற்றில் ஒருவரைவிடக் குறைவு என்று படித்தேனே?

எங்கிருந்து வந்தது தெரியுமா தம்பி? 1980ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஐந்து வரிக் கடிதம். 11,882 நோயாளிகளில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது. அவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிப் படுக்கையில், நர்ஸ் கையால் மருந்து வாங்கியவர்கள். வீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தனுப்புவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் ஆதாரமாகக் காட்டின. 1996ல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று தவறாகச் சொல்லி விற்றதை 2007ல் அதைத் தயாரித்த பர்டூ நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனை வீடுகளில் சாவு விழுந்துவிட்டது!

அதே மாணவர்: அந்தப் பயத்தால்தானே நம் ஊரில் புற்றுநோயாளிகள் மார்ஃபின் கிடைக்காமல் துடிக்கிறார்கள்?

உண்மை, கோபத்தோடு ஒத்துக்கொள்கிறேன். 1985ல் வந்த அந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு உரிமம் வாங்கும் அலைச்சலுக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டன. 2014 திருத்தம் வரும்வரை ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு நுரையீரல் புற்று, எலும்பு வரை பரவியிருந்தது. பத்து மில்லிகிராம் மாத்திரை அட்டை பீரோ மேல் இருந்தது. மகன் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, "கடைசி மருந்தாச்சே" என்றார். பாட்டி தலையணை நுனியைக் கடித்துக் கடித்துக் கிழித்து வைத்திருந்தார். மாத்திரை கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார். புற்று வலிக்குக் கொடுக்கத்தான் வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்தும் முதல் நாளிலிருந்தே. மற்ற பக்கவிளைவுகள் பழகிவிடும், அது பழகாது. உங்கள் கேள்வியும் என் பதிலும் முரண் இல்லை தம்பி. யாருக்கு, எத்தனை நாள், யார் கண்காணிப்பில் என்பதுதான் விஷயம்.

கோவை, தருமபுரி, இன்னும் நால்வர்: டிரமடால் எத்தனை எம்ஜி போடலாம்?

ஆறாவது முறை. அளவு எழுத மாட்டேன். வயது, சிறுநீரகம், கூட எடுக்கும் மருந்து தெரியாமல் எழுதினால் அது ஆபத்து. தூக்க மாத்திரை, மது: மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம்.

நாகர்கோவில்: எட்டு வயதுப் பையனுக்கு இருமல். கோடீன் சிரப் வீட்டில் இருக்கிறது.

கொடுக்காதீர்கள். கோடீனும் ஓபியாய்டுதான். குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

தஞ்சாவூர்: அம்மாவுக்கு ஃபென்டனில் பேட்ச் (தோலில் ஒட்டும் ஓபியாய்டு வலி மருந்து) ஒட்டியிருக்கிறது. அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் தரலாமா?

கூடவே கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் இறங்கும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் பேட்ச்சை உரித்துவிட்டு உடனே 108ஐ அழையுங்கள். மூன்று நாள் கழித்துக் கழற்றிய பேட்ச்சிலும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பேட்ச் வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள்.