திண்ணை இல்லாத ஊரில் சனியும் ஞாயிறும்

(ஜப்பான் வாழ்க்கை குறித்து வந்த கேள்விகளுக்கு, டோக்கியோவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிவிட்டுக் கும்பகோணத்துக்குத் திரும்பியுள்ள நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகன் டோக்கியோவில் கணினி வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அழைத்தால் ஒரே இரைச்சல். 'அப்புறம் பேசறேம்மா' என்று வைத்துவிடுகிறான். சனிக்கிழமை யார் வீட்டிலோ சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை எங்கோ ரயில் பயணம். ஓய்வே இல்லாமல் இப்படிச் சுற்றலாமா? கெட்ட பழக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். ஜப்பான் நேரம் நம்முடையதைவிட 3½ மணி முந்தியது. நீங்கள் இரவு 8 மணிக்கு அழைக்கும்போது அங்கே 11.30 ஆகியிருக்கும். டோக்கியோவில் நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில் ரயில்கள் நின்றுவிட்டால் மறுபடி காலை 5 மணியளவில்தான் ஓடத் தொடங்கும் என்பதால், அந்த நேரத்தில் உங்கள் மகன் கடைசி ரயிலைப் பிடிக்க விரைந்துகொண்டிருப்பார். ரயிலுக்குள் ஏறிவிட்டால் கைபேசியில் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. நானும் ஒருமுறை கடைசி ரயிலைத் தவறவிட்டு, இரவு 10 மணிக்கு மேல் டாக்ஸிக்கு 20 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க மனமில்லாமல், நிலைய வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்றுமுதல் கடைசி ரயிலின் நேரம் எனக்கு மனப்பாடம்.

இனி அந்தச் சுற்றலுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், காபி தானாக வரும். டோக்கியோவில் தனியாளின் குடியிருப்பு பெரும்பாலும் ஒரே அறைதான். அதையும் ஆறு பாய், எட்டுப் பாய் என்று பாயின் எண்ணிக்கையால் அளப்பார்கள். சுவரோ மெல்லியது, அடுத்த வீட்டுக்காரருக்குச் சத்தம் போகக் கூடாது. ஆகவே உடன் வேலை செய்பவரை வீட்டுக்கு அழைப்பது அரிது. பழக்கமெல்லாம் இஸகாயா எனப்படும், மதுவும் பரிமாறும் சிறு உணவகங்களில்தான் வளர்கிறது. பகல் முழுவதும் தலை நிமிராமல் வேலை செய்த மேலதிகாரி, அங்கே கால் மடக்கி உட்கார்ந்து, தம் சொந்த ஊர் வயலையும் அம்மாவின் முழங்கால் வலியையும் பற்றிப் பேசுவார். அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமை அலுவலகத்தில் நாம் அந்நியராக இல்லாமல் ஆகிறோம்.

மது பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்திலிருப்பவர் கோப்பையை நிரப்புவதும், எல்லாரும் கோப்பையை உயர்த்தி 'கன்பாய்' என்று வாழ்த்துச் சொல்லும்வரை வாய் வைக்காமல் இருப்பதும் அங்குள்ள முறை. அந்தக் கோப்பையில் ஊலாங் தேநீர் இருந்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்; பதினோரு ஆண்டுகளும் நான் அதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினேன். உங்கள் மகன் கவனிக்க வேண்டியது பணத்தைத்தான். கேட்காமலேயே மேசைக்கு வரும் சிறு தட்டு இலவசம் அன்று, பில்லில் சேரும். தொகையும் பெரும்பாலும் தலைக்குச் சமமாகப் பிரிக்கப்படுவதால், தேநீர் குடித்தவரும் மற்றவர்களோடு சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

சனிக்கிழமைச் சாப்பாடு எதோகாவா வட்டத்திலுள்ள நிஷி-கசாயில் நடந்திருக்கலாம். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினி வேலைக்குச் சென்ற நம்மவர்கள் குடியேறி, குடும்பம் குடும்பமாகப் பெருகிய பகுதி அது. அங்கே மட்டும் சாம்பார் அண்டாவும் அழைக்காமல் வரும் விருந்தாளியும் உண்டு. இளைஞர்கள் போய்த் தின்றுவிட்டு வரட்டும். பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சைவம் மட்டும் உண்பவர் அங்கே வாரக் கடைசியில் ஊர் சுற்ற முடியுமா?
– வாசகர், திருவையாறு

பதில்: முடியும், ஆனால் காய்கறிக் குழம்பு என்று சொல்லித் தருவதிலும் மீன் இருக்கும். நம் மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பான உலர்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்கவைத்த சாறுதான் அவர்களின் பெரும்பாலான குழம்புகளுக்கும் அடிப்படை. பௌத்த மடங்களில் 'ஷோஜின்' என்னும் சைவ உணவு கிடைக்கும், விலை சற்று அதிகம். பயணத்துக்குப் புளித்த உமேபோஷிக் காயை உள்ளே வைத்த சோற்று உருண்டை போதும். எலுமிச்சை ஊறுகாயோடு தயிர்சாதம் சாப்பிட்ட நாக்குக்கு அது பழகிவிடும்.

கேள்வி: ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் எங்கே போகச் சொல்வீர்கள்?
– கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

பதில்: காமகுராவுக்கு. டோக்கியோ நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே 13-ஆம் நூற்றாண்டில் வார்த்த வெண்கலப் புத்தர், பீடம் நீங்கலாக 11 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவர், மண்டபத்தை இயற்கைச் சீற்றத்தில் இழந்துவிட்டு, ஐந்து நூற்றாண்டுகளாக வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். சிறு கட்டணம் செலுத்திச் சிலையின் வயிற்றுக்குள்ளேயே நுழையலாம். அடுக்கடுக்காக வார்த்து இணைத்த தடங்கள் உட்புறத்தில் தெளிவாகத் தெரியும். காவிரி வண்டலில் அச்செடுத்து உள்கூடு இல்லாமல் கனமாக வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதி ஒருவரை அங்கே நிறுத்தி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. சோழர் காலத்தில் சூடாமணி விகாரம் எழுந்த ஊரிலிருந்து நீங்கள் எழுதுவதால் உங்களுக்கு அந்த முகம் புதிதாக இராது.

பிறகு வீட்டுக் கூரைகளை உரசுவதுபோல் ஓடும் எனோதென் சிறு ரயிலில் ஏறி எனோஷிமா தீவுக்குப் போங்கள். பிவா என்ற நரம்பிசைக் கருவியை ஏந்திய பென்சைதென் அங்கே எழுந்தருளியிருக்கிறாள். பௌத்தத்தோடு கடல் கடந்து போன நம் சரஸ்வதிதான் அவள். சிறுவயதில் கூத்தனூருக்கு என்னை அழைத்துச் சென்ற பாட்டிக்கு இதைச் சொன்னபோது, 'அங்கேயும் பரீட்சைக்குப் பேனா வைக்கிறாங்களா?' என்று கேட்டார்.

கேள்வி: மகளைப் பார்க்க டோக்கியோ போகிறேன். ரயில் பாஸ் வாங்கலாமா? அவளுடைய அலுவலகத்துக்கு என்ன எடுத்துப்போவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் குறுகிய கால வருகையாளருக்குத்தான், வேலை விசாவில் இருக்கும் உங்கள் மகளுக்குக் கிடைக்காது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டதால், ஒரு கியோட்டோ பயணத்துக்காக நீங்களும் அதை வாங்குவது வீண். தனித்தனிச் சீட்டே போதும். நொசோமி என்னும் அதிவேக ரயிலில் ஏறத்தாழ 2¼ மணி நேரத்தில் கியோட்டோவில் இறங்கிவிடலாம்.

ஊருக்குப் போய் வந்தவர் தனித்தனியாகச் சுற்றிய தின்பண்டத்தைக் கொண்டுபோய் அலுவலகத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுப்பது அங்கே கிட்டத்தட்டக் கட்டாயம். கடலை மிட்டாயைத் துண்டு துண்டாகத் தாளில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக் கொத்தை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். நோயற்றது என்ற தாவரச் சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டுவிடுவார்கள்.