கரையோரப் பள்ளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் வசிக்கிறேன். கடற்கரையில் தூண்டில் போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 12 அடிக் கம்பும் பெரிய ரீலும் 100 கிராம் ஈயமும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் முகத்துவாரத்துக்கு அருகில் நிற்கிறேன். முடிந்த மட்டும் தூரமாக வீசியும் கெளுத்தியைத் தவிர எதுவும் மாட்டவில்லை. இன்னும் நீளமான கம்பு வேண்டுமா? எந்த நேரம் நல்லது? பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர்கள் நடுவே பொழுதுபோக்குக்காக நிற்பதில் கூச்சமும் இருக்கிறது. பத்து வயது மகனை அழைத்துப்போகலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேறு கம்பு வாங்காதீர்கள். உங்கள் ஈயம் போய் விழும் இடத்துக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவில்தான் நீங்கள் தேட வேண்டிய மீன் இருக்கிறது. அதன் தலைக்கு மேலாக வீசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் சோழமண்டலக் கரையில் அலைகள் எங்கே உடைகின்றன என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். சற்றுத் தொலைவில் ஒரு வரிசையாக வெள்ளை நுரை எழும். அதன் அடியில் மணல்திட்டு இருக்கிறது. அதைத் தாண்டிய அலை கொஞ்சம் அடங்கி வந்து, கரையில் மறுபடி உடையும். அந்த இரண்டு நுரைக்கோடுகளுக்கும் இடையே நீர் சற்றுக் கருத்துத் தெரியும் பகுதிதான் பள்ளம். அலை கிளறிவிடும் புழுக்களும் பொடி இறாலும் அதில் வந்து சேர்கின்றன. அவற்றைத் தின்ன வரும் கிழங்கான், நம் இடுப்பளவு நீர்கூட இல்லாத இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். ஆபத்து என்றால் மணலுக்குள் புதைந்துகொள்ளும் மீன் அது. சுவையில் அதற்கு ஈடு சொல்ல எனக்கு அதிகம் மீன்கள் தெரியாது.

கிழங்கானுக்கு வாய் சிறியது. பெரிய தூண்டில் முள்ளில் பாதி மத்தியைக் கோத்துப் போட்டால் அது தொட்டுக்கூடப் பார்க்காது. 7 அடிக் கம்பு ஒன்றை இரவல் வாங்குங்கள். 0.25 மி.மீ. தங்கூஸ் (நரம்பு என்றும் சொல்லும் தூண்டில் நூல்), 20 கிராம் அளவில் துளையுள்ள ஈயம், அதற்குக் கீழே ஒரு முழ நீளம் விட்டு 6 அல்லது 8ஆம் எண் முள். இரைக்குத் தோலுரித்த இறாலில் நகத்தளவு துண்டு போதும்; அன்று காலை வாங்கியதாக இருக்கட்டும். பள்ளத்தில் போட்டுவிட்டு அப்படியே காத்திருக்காமல், ஈயம் மணலில் உரசிக்கொண்டு வரும்படி மிக மெதுவாகச் சுற்றுங்கள். ஈயம் கிளப்பும் மணற்புகையைப் பின்தொடர்ந்து கிழங்கான் வரும். டக் டக்கென்று இரண்டு வெட்டு கைக்குத் தெரியும். 15 செ.மீ.க்குக் குறைந்ததைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, உடனே நீரில் விட்டுவிடுங்கள்.

முகத்துவாரத்துக்கு அருகே நாறிய இரையை அடிமணலில் அசையாமல் கிடக்கவிட்டால் கெளுத்திதான் வரும். அதன் முதுகில் ஒன்றும் பக்கத் துடுப்புகளில் இரண்டுமாக, பல் வைத்த நச்சு முட்கள் உண்டு. வெறும் கையால் தொடாதீர்கள். குறடு இல்லாவிட்டால் நரம்பை வெட்டி மீனை விட்டுவிடுவதே நல்லது. குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை வைத்திருங்கள், வலி தணியும். பிறகு மருத்துவரைப் பாருங்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் கடல்நீரின் ஏற்ற இறக்கம் பெரிதில்லை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனாலும் ஓதம் ஏறி முடிகிற கடைசி இரண்டு மணி நேரத்தில் பள்ளம் நிறைந்து மீன் உள்ளே வரும். அது விடியற்காலையோடு சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் காலை வேளையில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு வீசும், அலை அடங்கியிருக்கும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்தால் நீர் கலங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றுப் பருவத்தில் புதியவர்கள் தனியாகக் கடற்கரையில் நிற்பதையே நான் விரும்ப மாட்டேன்.

ஒருநாள் தூண்டில் இல்லாமல், நீர் வற்றியிருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். திட்டும் பள்ளமும் தெளிவாகத் தெரியும். படகில் போகிறவர்கள் கரையிலுள்ள கோபுரத்தையும் மரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தி இடத்தைக் குறித்துக்கொள்வதுபோல, நீங்களும் பள்ளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புயல் போதும், எல்லாம் இடம் மாறிவிடும். மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

அப்படிப் பார்க்கும்போது, திட்டில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நுரையும் கலங்கல் மணலும் கடலை நோக்கிப் போவதைக் காண்பீர்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் திரும்பிப்போகும் வாய்க்கால் அது. இரை அதன் வழியே போவதால் பெரிய மீன்கள் அதன் ஓரங்களில் காத்திருக்கும். நம் கடற்கரைகளில் குளிக்கிறவர்களை இழுத்துக்கொண்டு போவதும் இதே வாய்க்கால்தான். அலை இல்லாமல் அமைதியாகத் தெரிவதால் ஆட்கள் அங்கேயே இறங்குகிறார்கள்! அதன் ஓரத்தில் தூண்டில் போடுங்கள். ஆனால் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதீர்கள். மாட்டிய மீனுக்காகவும் இறங்காதீர்கள். தவறி இழுக்கப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

உங்கள் 12 அடிக் கம்பும் வீணில்லை. பாறை, கொடுவா போன்ற பெரிய மீன்களுக்குப் பிறகு உதவும். அப்போது 100 கிராம் ஈயத்தை மெல்லிய நரம்பில் நேரடியாகக் கட்டாதீர்கள். வீசும்போது நரம்பு அறுந்தால் அந்த ஈயம் ஆளைக் கொல்லும் வேகத்தில் பறக்கும். கம்பின் இரண்டு மடங்கு நீளத்துக்கு 40 பவுண்டு நரம்பை முன்னால் இணைத்துக்கொள்ளுங்கள். மக்கள் நெருக்கும் மெரினாவில் மாலை வேளையில் அதை எடுக்கவே வேண்டாம்.

கூச்சத்தைப் பற்றி எழுதியது என்னைத் தொட்டது. கரை மீனவர்களுக்கு வேலை செய்யும் இடம் என்பதை மறக்காதவரை யாரும் உங்களை வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள். வலை எங்கே கிடக்கிறது என்று கேட்டுவிட்டு வீசுங்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கம்பை ஓரமாக வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டு கயிற்றில் கை கொடுங்கள். அந்த வலையில் என்னென்ன மீன் வருகிறதோ அதுவே அன்றைய ஓரக்கடலின் நிலவரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது, கரைத் தூண்டிலுக்கு அல்ல.

அறுந்த நரம்பில் ஒரு சாண்கூட மணலில் விடாதீர்கள். அது மட்காது, பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் போய்ச் சுற்றும். பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஜனவரி முதல் முட்டையிட இதே கரையில்தான் ஏறுகின்றன. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அந்த மாதங்களில் இரவில் வெள்ளை விளக்கு அடிக்க வேண்டாம், விடியலில் போனால் போதும்.

மகனைக் கட்டாயம் அழைத்துப்போங்கள். உப்பிப் பந்தாகும் பேத்தை மாட்டினால் அதைச் சமைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள், அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கப் பழக்குங்கள். மணலுக்குள் கிடக்கும் திருக்கை விலகிப்போய்விடும். முதல் நாள் அவன் கம்பில் முள் கட்டாமல் சிறிய ஈயம் மட்டும் கட்டிக்கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.