கேள்வி-பதில்: கவிபுரத்து வெயில்

கேள்வி: சங்கராந்தி சாயங்காலம் கவிபுரம் கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலில், நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் வெயில் விழுந்ததைப் பார்த்துச் சிலிர்த்துப் போனேன். வருஷத்தில் ஒரே ஒரு நாள் நடக்கும் இந்த அதிசயம் ஈசன் செயல்தானே? ஐ.டி. வேலையில் இருக்கும் என் மகன் சிரிக்கிறான்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஒரே ஒரு நாள் என்று யார் சொன்னது? நவம்பர் கடைசியிலும் அதே வெயில் அதே வழியாகக் குகைக்குள் வருகிறது. டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தென்கோடிக்குப் போய்த் திரும்புகிறது. போகும்போது தாண்டிய இடத்தைத் திரும்பும்போதும் தாண்டித்தானே ஆக வேண்டும்? ஜனவரி 14-க்கு ஜோடி, நவம்பர் 28-ஐ ஒட்டிய நாட்கள். நம்மூர் நேரு கோளரங்கத்து ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதிப் பல வருஷமாகிறது. யார் காதில் விழுந்தது?

சங்கராந்தியும் ஒரே தேதியில் நிற்பதில்லை. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12, சங்கராந்தி நாள். இப்போது 14, 15-இல் வருகிறது. சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போகும். பெங்களூரை உருவாக்கிய கெம்பே கௌடர் காலத்தில், அதாவது பதினாறாம் நூற்றாண்டில், இன்றைய காலண்டர் கணக்கில் ஜனவரி 8, 9 வாக்கில் வந்திருக்கும். அன்றைக்கு வெயில் இதே இடத்தில் விழுந்திருக்காது. எனக்குச் சிலிர்ப்பது இதை நினைத்தால்தான்.

உங்கள் சிலிர்ப்பும் உண்மைதான். ஆனால் பிரமித்துப்போன மனசு சும்மா இருக்காது, 'யார் செய்தது?' என்று தேடும். வால்டெசோலோ, கிரஹாம் என்ற இரு உளவியலாளர்கள் பிரமிப்பூட்டும் இயற்கைக் காட்சிகளைச் சிலருக்குப் போட்டுக் காட்டி, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பார்த்தவர்களிடம் தெய்வ நம்பிக்கை கூடியிருந்தது. தற்செயலாக வரிசைப்பட்ட வெறும் எண்களைக்கூட யாரோ யோசித்து அடுக்கியதாக அவர்கள் நினைப்பதும் கூடியது. விளங்காத ஒன்றோடு கொஞ்ச நேரம் இருக்க மனசு பொறுப்பதில்லை. 2021 சங்கராந்தியன்று மேகம் மறைத்து வெயில் விழவில்லை. உடனே அபசகுனம் என்று பேச்சு கிளம்பியதே, அதுவும் இந்த அவசரம்தான்.

ராசிபலன் போடச் சொல்லிக் கடிதம் எழுதுகிறவர்களோடு எனக்கு இருக்கும் பழைய சண்டையும் இதுவே. மகர ராசிக்குப் பலன் கேட்கிறீர்கள், சரி. சூரியன் எந்தக் கட்டிடத்துக்குப் பின்னால் மறைகிறது என்று நாலு மாதம் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பாருங்கள். பிறகு எழுதுங்கள், பக்கம் ஒதுக்குகிறேன்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, சிரிக்க இதில் என்ன இருக்கிறது? அம்மா நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். நீங்கள் பார்த்தீர்களா? காரணம் தெரிந்தவனுக்குத்தான் அந்த வெயில் இரண்டு மடங்கு பிரமிப்பாக இருக்கும்.

நவம்பர் கடைசி வாரம் இரண்டு பேருமாகச் சேர்ந்து கவிபுரத்துக்குப் போங்கள். வானம் தெளிவாக இருக்க வேண்டும், சாயங்கால நேரம். ஈசன் செயலா என்பதைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.