தனியாக இருப்பவர் வீட்டுப் பங்கை இப்போதே எழுதிக் கொடுக்கலாமா?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 57, திருமணம் செய்துகொள்ளவில்லை, பெற்றோர் காலமாகிவிட்டனர். அடுத்த ஆண்டு 58 வயதில் தனியார் கல்லூரி அலுவலகப் பணியிலிருந்து ஓய்வு பெறும்போது சுமார் 30 லட்சம் ரூபாய் கைக்கு வரும்; தந்தை வழியில் வந்த பெரிய வீட்டில் ஒரு பங்கும் உண்டு. "அயித்தையைக் கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன், பங்கை இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுங்கள்" என்று அண்ணன் மகன் கேட்கிறாராம். பணத்தைக் காப்பீட்டு முகவர் ஒருவர் கேட்கிறாராம்.

இருவருக்கும் "இல்லை" என்றே பதில் சொல்லுங்கள்.

செட்டில்மெண்ட் பத்திரம் பதிவான அன்றே வீட்டுப் பங்கு உங்கள் கையைவிட்டுப் போய்விடும். உயில் அப்படியல்ல, உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் பதிவு செய்யாமலேயே செல்லும். நீங்கள் ஒன்றும் எழுதி வைக்காவிட்டால் பங்கு உங்கள் உடன்பிறந்தோருக்குச் சேருமே தவிர, அண்ணன் இருக்கும்வரை அவர் மகனுக்கு நேரடியாக வராது. அண்ணன் மகனின் அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உண்மையிலேயே பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு உயிலே போதும்.

பத்திரம் எழுதுபவர், "பிறகு ரத்து செய்துகொள்ளலாம் அம்மா" என்று ஆறுதல் சொல்வார். அதை நம்ப வேண்டாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தை வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது; உங்கள் பகுதிக்கு அது தேவகோட்டை கோட்டாட்சியரிடம் இருக்கிறது. ஆனால் சட்டம் மூத்த குடிமகன் என்று சொல்வது 60 வயது நிறைந்தவரை. 57 வயதில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பிரிவை நம்பியிருக்க முடியாது. 60க்குப் பிறகு எழுதினாலும் நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் சொன்னதை நிரூபிக்கும் சுமை முதியவர் தலையில்தான் விழுகிறது. நான் பார்த்த பத்திரங்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஒரு வரி இல்லை. பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். முதியவர் கையெழுத்திடும் முன் "இந்த நிபந்தனை வேண்டுமா?" என்று கேட்பதைச் சார்பதிவாளரின் கடமையாகச் சட்டம் வந்த அன்றே ஆக்கியிருந்தால், எத்தனையோ பேர் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறாமல் இருந்திருப்பார்கள்.

இனிப் பணம். உங்கள் வருமானத்தை நம்பி யாரும் இல்லாதபோது ஆயுள் காப்பீடு உங்களுக்குத் தேவையில்லை. முகவர் காட்டும் "ஓய்வூதியமும் வரும், போட்ட பணமும் திரும்பும்" என்ற திட்டத்தில் அந்தப் பணம் திரும்புவது உங்களுக்கல்ல, வாரிசுக்கு; அதற்காக மாதந்தோறும் உங்களுக்குக் குறைவாகத் தருகிறார்கள். ஓய்வுப் பணம் வந்த அன்றே வங்கி மேசையிலும் இதே திட்டத்தை நீட்டுவார்கள். வங்கிக்காரர் சொல்வதால் அது வைப்புத்தொகை ஆகிவிடாது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 25 லட்சம் போடுங்கள். பணி முதிர்வில் ஓய்வு பெறுபவர் 60க்கு முன்பே சேரலாம். ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேர்ந்துவிட வேண்டும். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய் வரும். மீதி 5 லட்சத்தை அவசரத்துக்கு வங்கியில் வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு வைப்புக் காப்பீடு அந்த அளவுக்குத்தான். தெரிந்தவர் நடத்தும் ஃபைனான்ஸில் கூடுதல் வட்டிக்குப் போடாதீர்கள்.

நாமினியாக யாரைப் போட்டாலும், அவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவரே. உரிமை யாருக்கு என்பதை உயில்தான் சொல்லும். உங்களுக்கு நினைவு தப்பினால் பொது அதிகாரப் பத்திரமும் செல்லாமல் போகும். ஆகவே நம்பிக்கையான ஒருவரை, "இருவரில் எவரும் எடுக்கலாம்" என்ற முறையில், அன்றாடச் செலவுக்கான சிறு கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை ஓய்வு பெறும்வரை தள்ளிப்போட வேண்டாம். கல்லூரி தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். இந்த மாதமே உங்கள் பெயரில் தனிப் பாலிசி எடுங்கள்; சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், முகவர் "வேண்டாம்" என்று சொன்னாலும்.