போர்க்காலத்தில் பெண்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்லும் கதைகளை எப்படித் தாங்கி வாசிக்கிறீர்கள்?

இரவில் வாசிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். காலையில் பத்துப் பக்கம். முடியவில்லையா, புத்தகத்தை மூடிவிட்டுத் திருகோணமலைக் கடற்கரைக்கு நடந்துவிடுவேன். அங்கே மான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும். (மான் என்றதும் காட்டை நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் அது மாடு மாதிரி, நடுரோட்டில் படுத்திருக்கும்.)

ஒரு நாவலைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். கொடுமை தாங்காமல் அல்ல. மூன்று பக்கம் அந்தப் பெண்ணுடைய உடம்பையே சொல்லிக்கொண்டு போன எழுத்தாளர், அவளுடைய முகத்தை ஒரு வரிகூட எழுதவில்லை. யாருடைய கண்ணால் பார்த்து எழுதினார் என்று எரிச்சல் வந்தது. அப்படிப்பட்டதை முடித்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை.

உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோவின் 'கோல் தோ' ('திற') என்ற சிறுகதை வேறு ரகம். 1947 பிரிவினைக் காலம். கலவரத்தில் தொலைந்த மகளைத் தகப்பன் தேடுகிறார். தேடித் தருகிறோம் என்று போனவர்கள் அவருடைய சொந்தச் சமூகத்து இளைஞர்கள்தான். நடந்த கொடுமை கதையில் எங்கேயும் காட்டப்படுவதில்லை. கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி அறை. சன்னலைத் திறக்கச் சொல்கிறார் டாக்டர். 'திற' என்ற சொல் காதில் விழுந்ததும், பிணம் மாதிரிக் கிடந்தவளின் கை மெல்ல அசைந்து தன் சல்வார் நாடாவை அவிழ்க்கிறது. மகள் உயிரோடு இருக்கிறாள் என்று தகப்பன் சந்தோஷத்தில் கத்துகிறார். டாக்டருக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வாசிக்கவேண்டும்? எங்கள் வீடுகளில் பெரியவர்கள் "அந்த நேரம்..." என்று தொடங்கிவிட்டுத் தேத்தண்ணீர் போட எழும்பிவிடுவார்கள். மிச்சத்தைக் கேட்க எனக்கும் தைரியம் இல்லை. அதனால்தான் கதைகளில் தேடுகிறேன்.

சின்னம்மா 2006இல் போரால் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். மண்ட்டோவின் அந்தக் கதையை நான் வாசித்த அன்று குசினி வாசலில் இருந்து சூடைமீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

கதையைச் சொன்னேன், ஆஸ்பத்திரி வரைக்கும். நாடாவை மட்டும் விட்டுவிட்டேன். அவருடைய கை நின்றது.

"பெட்டை உயிரோட இருக்கிறாளோ?"

"ஓம் சின்னம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.