டிஸ்சார்ஜ் அன்று தலையாட்டுகிறார்கள், வீட்டில் மாத்திரையை மாற்றிப் போடுகிறார்கள்: நர்ஸ் என்ன செய்யலாம்?

கேள்வி: குடியாத்தத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்புகிறேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரம் ஓ.பி.க்கு வரும்போது பார்த்தால் வேளை மாறியிருக்கிறது, ஊசி அளவு மாறியிருக்கிறது. டாக்டர் கேட்டால் "சிஸ்டர் சொல்லவே இல்லை" என்கிறார்கள். எங்கே தவறுகிறது?

பதில்: நீங்கள் விளக்குவதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. விளக்கிய பிறகு கேட்கும் கேள்வியில்தான் சிக்கல். "புரிஞ்சுதா?" என்றால் நம் பக்கத்துப் பெரியவர்கள் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னால் தனக்கும் வெட்கம், சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கும் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். தவிர, டிஸ்சார்ஜ் அன்று அவர்கள் மனசு வார்டில் இருக்காது. மகன் கீழே பில் கட்டிக்கொண்டிருப்பான், வாசலில் ஆட்டோக்காரர் அவசரப்படுத்துவார். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டுக் கிளம்பத்தான் பார்ப்பார்கள்.

அதனால், சொன்னதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். "எங்க, திருப்பிச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் பரீட்சை வைத்த மாதிரி ஆகிவிடும், பாட்டி வாயே திறக்கமாட்டார். பழியை நம் தலையில் போட்டுக்கொண்டு கேட்கணும். "நான்தான் வேகமா சொல்லிட்டேனோ என்னவோ பாட்டி. வீட்டுக்குப் போனா மருமக கேப்பாங்க இல்ல, எதை எப்போ போடணும்னு? அவங்களுக்கு எப்படிச் சொல்லுவீங்க?" இப்படிக் கேட்டுவிட்டு நடுவில் குறுக்கிடாமல் இருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அதை மட்டும் வேறு வார்த்தையில் சொல்லிவிட்டு, இன்னொருதரம் கேளுங்கள். ஒரே மூச்சில் ஏழெட்டு விஷயம் சொன்னால் யாருக்கும் நிற்காது. இரண்டு மூன்று சொல்லி, கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அடுத்ததுக்குப் போகலாம்.

இன்னொன்று, விளக்கத் தொடங்கும் முன்பே அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளணும். "சாப்பாட்டுக்கு அப்புறம், மூணு வேளை" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து வருபவர், கொல்லை வேலைக்குப் போகிறவர் பலர், காலை பத்து மணிக்குக் கூழ், ராத்திரி களி என்று இரண்டு வேளையோடு முடித்துக்கொள்கிறவர்கள். மதிய மாத்திரையை அவர் விட்டுவிட்டால் அது அலட்சியம் இல்லை. நாம் சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறார். சுகர் மாத்திரையில் இது விபரீதமாகவும் போகலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைச் சாப்பாட்டையொட்டிப் போடணும். விடியற்காலையில் அதை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு கொல்லைக்குப் போய்ப் பத்து மணிவரை குனிந்து களை எடுத்தால் சுகர் இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றும். "காலைல எழுந்ததுலேர்ந்து என்ன, எப்போ சாப்பிடுவீங்க?" என்ற ஒரு கேள்வியில் இது வெளியே வந்துவிடும்.

விரதமும் அப்படித்தான். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கோ வள்ளிமலைக்கோ போகிறவரிடமும், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ரம்ஜான் நோன்பு வைக்கிறவரிடமும் "விரதமெல்லாம் இருக்கக்கூடாது" என்று எடுத்தவுடனே சொன்னால், இருப்பார்கள், நம்மிடம் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். என்றைக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதி, டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். இருக்கலாமா என்பதையும், மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர்தான் முடிவு செய்யணும். நாமாக எதையும் மாற்றிச் சொல்லக்கூடாது.

இன்சுலினை வாயால் சொல்லி அனுப்பவே கூடாது. நம் ஊர் மருந்துக்கடைகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சின் கோடுகள் அந்தந்தக் குப்பிக்குத் தகுந்த மாதிரி போட்டவை. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். 100 குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சு போட்டு அதே 20 கோடுவரை இழுத்தால் 50 யூனிட் போகும், உயிருக்கே ஆபத்து. "ஊசி அளவு மாறியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் சொல்லும் எண்ணை மட்டும் பார்க்காமல் வீட்டில் இருக்கும் குப்பியையும் சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். வார்டில் இருக்கும்போதே, வீட்டில் ஊசி போடப்போகிறவர் கையால் குறைந்தது இரண்டு தடவையாவது இழுக்க வையுங்கள்.

இன்சுலினை வைக்கும் இடத்தையும் கேட்கணும். "வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா?" என்றால் பக்கத்து பெட்காரர் காதில் விழுமே என்று "இருக்கு" என்பார்கள். "மருந்தை எங்க வைப்பீங்க?" என்று கேட்டால் அலமாரி, சாமி மாடம், ஓட்டுக்கடியில் தொங்கும் பை என்று உள்ளது வெளியே வரும். வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயில். ஈர மணல் போட்ட மண்சட்டியில் குப்பியைத் தண்ணீர் படாமல் வைக்கலாம் என்று ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்களிடம், மேலே ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

படிக்கத் தெரியுமா என்றும் நேராகக் கேட்கவேண்டாம். சீட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். தலைகீழாகப் பிடிப்பார், அல்லது "கண்ணாடி எடுத்தாரல" என்பார். அவருக்கு 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று) என்று எழுதிப் பயனில்லை. மாத்திரைக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். (இன்னா சிஸ்டர், கட்சிச் சின்னம் போட்டிருக்கே என்று யாராவது கேட்பார்கள். சிரித்துக்கொண்டே வரையுங்கள்.) நிறத்தை வைத்து மட்டும் அடையாளம் சொல்லாதீர்கள். ஊரில் வேறு கம்பெனி மாத்திரை வாங்கினால் நிறம் மாறிவிடும். இது பிரஷருக்கு, இது சுகருக்கு என்று எதற்கு என்பதைச் சேர்த்துச் சொல்லணும். வீட்டில் பழைய அட்டைகள் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். வேறு பெயரில் அதே மருந்தை இரண்டு அட்டையிலிருந்தும் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

மருத்துவமனையில் கூட இருப்பவர்தான் வீட்டிலும் மாத்திரை தருவார் என்று நினைத்துவிடாதீர்கள். மகன் ஷூ கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருப்பான், நாளைக்கு வேலைக்குப் போய்விடுவான். யார் எடுத்துத் தருவார்கள் என்று கேட்டு, அவர்களை போனில் ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லுங்கள். தெலுங்கோ உருதுவோ மட்டும் பேசுகிறவர் என்றால் அந்த மொழி தெரிந்த ஊழியரைக் கூப்பிடுங்கள். கூட வந்திருக்கும் சின்னப் பிள்ளையை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்க வைப்பது சரியில்லை. பிள்ளை பாதியை விட்டுவிடும், பாட்டியும் உடம்பு விஷயத்தைப் பேரன் முன்னால் முழுசாகச் சொல்லமாட்டார்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். டிஸ்சார்ஜ் அன்று நேரம் கிடைக்காது, உண்மைதான். அதனால் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கப் போகிறீர்கள் அல்லவா, அப்போதே "இது எதுக்கு பாட்டி?" என்று ஒரு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். மூன்று நாள் வார்டில் இருந்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். மீதியை முந்தின நாள் சாயங்காலம், விசிட்டிங் நேரத்தில் வீட்டு ஆட்கள் இருக்கும்போது சொல்லலாம். நோட்டில் "விளக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், "20 யூனிட்டைத் தன் கையால் இழுத்துக் காட்டினார், மருமகளிடம் போனில் சொல்லப்பட்டது" என்று நேரம் போட்டு எழுதுங்கள். அடுத்த ஷிப்ட் சிஸ்டர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கடைசியாக, எதற்கெல்லாம் உடனே திரும்பி வரணும் என்பதை மூன்று அறிகுறிக்கு மேல் போகாமல் சொல்லுங்கள். மாத்திரைக் கவர் மேல் போன் நம்பரையும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ரிசப்ஷன் நம்பர் வேண்டாம், ராத்திரியில் அதை எடுக்க ஆள் இருக்காது. வார்டில் இருக்கும் போன் நம்பரை எழுதுங்கள்.